பழைய நாணயங்களைப் பட்டியல் போடுவது எப்படி? ஜேம்ஸ் பிரின்செப்பின் வாழ்க்கை சொல்லித்தரும் பாடம்

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைக்கிறது. உள்ளே ஓட்டைக் காலணா, அலை அலையான விளிம்போடு பத்து பைசா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய், எந்த ஊருடையது என்றே தெரியாத இரண்டு மூன்று செப்புக் காசுகள். அடுத்து என்ன செய்வோம்? போனை எடுத்து விலை தேடுவோம். பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் வந்து நிற்கும். அவற்றை நம்ப வேண்டாம் என ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் எக்செல் திறந்து 'பெயர், ஆண்டு, விலை' என மூன்று கட்டம் போடுவார்கள். பத்து காசு ஏறியதும் அந்த ஃபைல் அப்படியே தூங்கிவிடும்.

நோட்டுப் புத்தகமா, எக்செல்லா, ஆப்பா என்பதுதான் பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. பட்டியலில் எதை எழுதப் போகிறோம்? இந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஒருவர் கண்ட விடை, இந்திய வரலாற்றையே மாற்றியது. அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோயிருப்போமே, அவரேதான்.

யார் இந்த பிரின்செப்?

1799 ஆகஸ்ட் 20 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா ஜான் பிரின்செப் இந்தியாவுக்கு வந்து அவுரி வியாபாரத்தில் பணம் சம்பாதித்தவர், பிறகு அதில் பெரும்பகுதியை இழந்தவர். பிள்ளைகள் நிறைய. ஜேம்ஸ் ஏழாவது மகன். வரைவதில் கெட்டிக்காரர் என்பதால் கட்டடக் கலை படிக்க அனுப்பினார்கள். கண் பார்வையில் கோளாறு வந்ததால் அந்தப் படிப்பு பாதியில் நின்றது.

அப்போது கிழக்கிந்திய கம்பெனியின் நாணயச்சாலைகளில் ஒரு வேலை காலியாகப் போகிறது எனத் தெரிய வந்தது. தங்கம், வெள்ளியின் மாற்று பார்க்கும் வேலை. லண்டன் ராயல் மின்ட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1819 செப்டம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். வயது 20.

கல்கத்தா நாணயச்சாலையில் அவருடைய மேலதிகாரி ஹோரஸ் ஹேமன் வில்சன், சமஸ்கிருத அறிஞர். அவருக்குக் கீழே சிறிது காலம்தான். அடுத்த ஆண்டே காசிக்கு மாற்றல். அங்கிருந்த நாணயச்சாலையின் மாற்றுப் பரிசோதனைத் தலைமை இவர் கையில் வந்தது.

காசியில் சுமார் 10 ஆண்டுகள் இருந்தார். சாய்ந்துகொண்டிருந்த ஔரங்கசீப் மசூதி மினார்களைப் பிரித்துக் கட்டினார். கரம்நாசா ஆற்றின் மேல் கல்பாலம் கட்டினார். ஊரின் சாக்கடை நீர் வெளியேறச் சுரங்க வழி அமைத்தார். காசி நகரத்தின் மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். படித்துறைகளையும் கோயில்களையும் வரைந்து தள்ளினார். எண்ணுவது, எடை போடுவது, வரைவது: இந்த மூன்றும்தான் அவருடைய பழக்கம். பின்னாளில் நாணயங்களிடம் அவர் போனதும் இதே பழக்கத்தோடுதான்.

முதல் பட்டியல்: காசை உலோகமாகப் பார்ப்பது

நாணயச்சாலைக்கு ஒரு பழைய ரூபாய் வந்தால், அது ஒரு வெள்ளித் துண்டு. எடை எவ்வளவு? மாற்று எவ்வளவு? உருக்கினால் எவ்வளவு சுத்த வெள்ளி தேறும்? அவ்வளவுதான். யார் அச்சடித்தார்கள், என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேரேட்டுக்குத் தேவையில்லை. கணக்கு எழுதி முடித்ததும் காசு உலைக்குப் போகும், புது ரூபாயாக வெளியே வரும்.

இப்படிக் கணக்கெடுப்பதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது கம்பெனி ஆட்சிப் பகுதிகளிலேயே ஒரே 'ரூபாய்' கிடையாது. வங்காளத்தில் சிக்கா ரூபாய், வடக்கே ஃபருக்காபாத் ரூபாய், மதராஸுக்கும் பம்பாய்க்கும் தனித்தனி ரூபாய். எடை வேறு, மாற்று வேறு. ஓர் ஊர்க் காசை இன்னோர் ஊரில் கொடுத்தால் நாணயம் மாற்றுபவர் வட்டம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். இழப்பு வியாபாரிக்கும் விவசாயிக்கும்தான்.

பிரின்செப் இந்தக் காசுகளின் எடையையும் மாற்றையும் அட்டவணை அட்டவணையாகத் தொகுத்தார். 1834-ல் அச்சிட்டும் வெளியிட்டார். நாணயங்களும் எடைகளும் ஒரே அளவுக்கு வர வேண்டும் என வாதாடினார். 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுக்க ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, நம் கணக்கில் சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. பிஸ்கட் டின்னில் இருக்கும் விக்டோரியா கால வெள்ளி ரூபாயை எடை போட்டுப் பாருங்கள், தேய்மானம் போக இதே எடைதான் வரும்.

ஆக, உலோகப் பட்டியல் தப்பு கிடையாது. எந்தக் கேள்விக்காக அதைப் போட்டார்களோ, அதற்கு விடை தந்தது. ஆனால் வேறொரு கேள்வி வந்தபோது அந்தப் பட்டியல் போதவில்லை.

இரண்டாவது பட்டியல்: காசை சாட்சியாகப் பார்ப்பது

காசி நாணயச்சாலை 1830-ல் மூடப்பட்டது. பிரின்செப் கல்கத்தா திரும்பினார். வில்சன் 1832-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகவே, மாற்றுப் பரிசோதனைத் தலைமைப் பதவியும், ஆசியக் கழகத்தின் செயலாளர் பொறுப்பும் இவருக்கு வந்தன. அதே ஆண்டு ஆசியக் கழகத்தின் மாத இதழைத் தொடங்கினார்.

இந்த இதழ்தான் திருப்புமுனை. பஞ்சாப், ஆப்கானிஸ்தான், குஜராத் என எங்கெங்கோ இருந்த ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், பயணிகள் தங்களுக்குக் கிடைத்த காசுகளையும் அவற்றின் படங்களையும் கல்கத்தாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ரஞ்சித் சிங்கின் படைத் தளபதி வெஞ்சுரா மாணிக்யாலா ஸ்தூபியைத் தோண்டி எடுத்த காசுகள் வந்தன. காபூலுக்கு அருகே பெக்ராம் சமவெளியில் சார்லஸ் மேசன் என்பவர் ஆயிரக்கணக்கில் சேகரித்த காசுகளின் விவரங்கள் வந்தன.

மேசன் கதை தனி சினிமா. அவருடைய உண்மையான பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கம்பெனியின் பீரங்கிப் படையிலிருந்து தப்பி ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் சுற்றியவர். பெக்ராமில் கிடைத்த காசுகளில் பெரும்பாலானவை தேய்ந்த செப்புக் காசுகள். நாணயச்சாலைக் கணக்கில் அவற்றுக்கு மதிப்பே இல்லை. மேசன் அவற்றை வகை பிரித்தார், எண்ணினார், எங்கே கிடைத்தது என எழுதினார், வரைந்தார்.

இந்தக் காசுகளை பிரின்செப் பதிவு செய்த முறையைக் கவனியுங்கள். ஒரே வகைக் காசுகளை ஒரே பக்கத்தில் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு பக்கங்களையும் வரைந்தார். தகடுகளில் பலவற்றைத் தன் கையாலேயே செதுக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். கட்டுரையில் அந்த எண்ணுக்கு நேரே உலோகம், யாருடைய சேகரிப்பு, எங்கே கிடைத்தது, விளிம்பில் என்ன எழுத்து என்ற விவரங்கள். படிக்க முடியாத எழுத்தைக்கூட விடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கோடுகளை அப்படியே வரைந்துவைத்தார்.

படிக்க முடியாததை வரைந்ததால் என்ன லாபம்?

வடமேற்கில் கிடைத்த காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து. மறுபக்கம் வலமிருந்து இடமாகப் போகும் புரியாத எழுத்து. இன்று கரோஷ்டி என்கிறோம். கிரேக்கப் பக்கத்தில் மெனாந்தர், அப்பல்லோடோட்டஸ், ஹெர்மேயஸ் என ராஜாக்களின் பெயர்கள். மறுபக்கத்தில் அதே பெயர்கள்தான் வேறு எழுத்தில் இருக்கின்றன என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் மேசன். பிரின்செப் தன்னிடம் இருந்த காசுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். பெயர் மாறும்போது எந்த எழுத்துகள் மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன? ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால்தான் இது கண்ணில் படும். டின்னில் கலந்து கிடந்தால் படாது.

பிராமிக்கும் இதே வழிதான். பான் நகரில் இருந்த கிறிஸ்டியன் லாசன், அகதோக்ளிஸ் என்ற கிரேக்க ராஜாவின் காசில் இருந்த பிராமி எழுத்துகளை 1836-ல் அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு சாஞ்சி ஸ்தூபியின் வேலிக் கற்களில் இருந்த குட்டிக் குட்டிக் கல்வெட்டுகளின் படிகள் பிரின்செப்பிடம் வந்தன. அவற்றை அச்சுக்காக ஒரே தாளில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயிலில் டியூப் லைட்டிலும் மின்விசிறியிலும் உபயதாரர் பெயர் எழுதுகிறோமே, அதுபோல ஒவ்வொரு கல்லையும் கொடுத்தவரின் பெயராக இருக்குமோ என்று யோசித்தார். அப்படியானால் கடைசிச் சொல் 'தானம்'. அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்த எழுத்து 'ச'. இன்னாருடைய என்பதைக் காட்டும் உருபு அது. அந்த எழுத்து அவருக்குப் புதிதல்ல. சௌராஷ்டிர வெள்ளிக் காசுகளில் அதே நாட்களில்தான் அதைப் பிடித்திருந்தார்.

பூட்டு திறந்துவிட்டது. ஆசியக் கழகத்தின் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரும், பாலி மொழி தெரிந்த இலங்கையைச் சேர்ந்த ரத்னபாலரும் உதவ, தூண்களில் இருந்த நீளமான கல்வெட்டுகளும் படிக்கப்பட்டன. பிராமியைப் படிக்க முடிந்ததால்தான், பின்னால் வந்த அறிஞர்கள் நம் ஊர் மாங்குளம் குகைகளின் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளையும், 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசையும், கீழடிப் பானை ஓட்டு எழுத்துகளையும் படிக்க அடித்தளம் கிடைத்தது.

சௌராஷ்டிரக் காசுகளில் இன்னொரு விஷயமும் இருந்தது. ராஜாவின் பெயரோடு அப்பாவின் பெயரும் அதில் இருக்கும். அப்பா, மகன் என்று கோத்துக்கொண்டே போனால் ஒரு வம்சத்தின் பட்டியலே கிடைத்துவிடும். ராஜாவின் தலைக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்னக் குறிகள் ஆண்டைக் குறிக்கும் எண்கள் என்பதையும் பிரின்செப் 1838-ல் எழுதினார். 'வெள்ளி, ராஜா தலை, தேய்ந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு வம்சமே அந்த வரிக்குள் தொலைந்துபோயிருக்கும்.

தப்பும் செய்தார்

தூண்களில் பேசும் 'தேவானம்பிய பியதசி' யார்? இலங்கை மன்னன் தேவானம்பிய திஸ்ஸனாக இருக்கலாம் என்றுதான் முதலில் பிரின்செப் நினைத்தார். இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜார்ஜ் டர்னர், பியதசி என்பது அசோகரின் இன்னொரு பெயர் எனத் தீபவம்சத்திலிருந்து எடுத்துக் காட்டினார். பிரின்செப் திருத்திக்கொண்டார்.

திருத்துவது சுலபமாக இருந்ததற்குக் காரணம், கண்ணால் பார்த்தது தனியாகவும் அதற்குச் சொன்ன விளக்கம் தனியாகவும் அச்சாகியிருந்ததுதான். விளக்கம் தப்பானாலும் படம் தப்பாகாது.

பாதியில் நின்ற வேலை

பகலில் நாணயச்சாலை, மற்ற நேரமெல்லாம் இதழ் வேலை, கடிதங்கள், காசுகள். 1838-ல் கடுமையான தலைவலி தொடங்கியது, உடல்நிலை குலைந்தது. அக்டோபரில் மனைவியோடு கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூளை பாதிக்கப்பட்டிருந்தது. மீளவே இல்லை. 1840 ஏப்ரல் 22 அன்று லண்டனில் இறந்தார். வயது 40. கல்கத்தா மக்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் எழுப்பிய பிரின்செப் காட் இன்றும் நிற்கிறது.

இங்கேதான் பட்டியலின் மதிப்பு தெரிகிறது. சேகரித்தவர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவருடைய காசுகளை 1847-ல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. சிதறிக் கிடந்த கட்டுரைகளை எட்வர்ட் தாமஸ் என்ற நாணய ஆய்வாளர் தொகுத்து, திருத்தக் குறிப்புகளோடு 1858-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இறந்து 18 ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அந்த வேலையைத் தொடர முடிந்தது என்றால், படமும் எண்ணும் குறிப்பும் ஒன்றோடொன்று கட்டிவைக்கப்பட்டிருந்ததுதான் காரணம்.

மேசனின் காசுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. லண்டனில் கம்பெனியிடமிருந்து இந்தியா அலுவலகத்துக்குப் போய், பல இடங்களுக்குப் பிரிந்து, ஒரு பகுதி 1887-ல் ஏலத்திலும் விற்றது. மிச்சமிருந்த ஆயிரக்கணக்கான காசுகளை 1990-களில் பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வாளர்கள் மறுபடி வகைப்படுத்தியபோது, கைகொடுத்தவை மேசனின் கையெழுத்துக் குறிப்புகளும் படங்களும்தான். காசு பிழைத்தாலும் அது எங்கே கிடைத்தது என்பதைக் காசால் சொல்ல முடியாது. அதைத் தாள்தான் சொல்ல வேண்டும்.

சரி, நம் டின்னுக்கு என்ன முறை?

பிரின்செப் முறையை இன்றைய வசதிக்கு மாற்றினால் இவ்வளவுதான்:

எண்: வந்த வரிசையில் 1, 2, 3 எனக் கொடுங்கள். ராஜா வாரியாகவோ நாடு வாரியாகவோ எண் கொடுத்தால், நடுவில் புதிதாக ஒன்று வரும்போது எல்லாம் குழம்பும். ஒரு காசை விற்றாலும் தொலைத்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். எண்ணைக் கவரில் எழுதுங்கள், காசின் மேல் வேண்டாம்.

அளவு: எடை, விட்டம், உலோகம். வெள்ளிக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும், 0.01 கிராம் வரை காட்டினால் நல்லது. போலிகள் பல எடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

பார்த்தது: இரண்டு பக்கமும் போட்டோ, பக்கத்தில் ஒரு ஸ்கேல். என்ன எழுத்து, என்ன உருவம் என்பதோடு சின்னக் குறிகளையும் எழுதுங்கள். இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா.

நினைத்தது: யாருடைய காசு, எந்தக் காலம் என்ற உங்கள் கணிப்பைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நாளைக்கு மாறினால் இந்தக் கட்டத்தை மட்டும் திருத்தலாம்.

வந்த வழி: யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது, எப்போது, விலைக்கு வாங்கியிருந்தால் எவ்வளவு. இருக்கும் இடம்: எந்த ஆல்பம், எந்தப் பக்கம்.

இந்தக் கட்டங்கள் முடிவானபிறகு கருவியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். 50, 60 காசுதான் என்றால் ஒரு கோடு போட்ட நோட்டும் காகிதக் கவர்களும் போதும். கரண்ட் வேண்டாம், பாஸ்வேர்டு மறக்காது. ஆனால் ராஜா வாரியாக அடுக்கிப் பார்க்க முடியாது. அதற்கு மேல் போனால் ஸ்ப்ரெட்ஷீட்தான் நல்லது. வந்த வரிசையில் எழுதி, வேண்டிய வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். பிரின்செப் தாளில் வரைந்து வரைந்து செய்ததை ஒரு கிளிக்கில் செய்யலாம். போட்டோவின் பெயரிலும் அதே எண்ணைப் போடுங்கள்: 017 முன், 017 பின். ஆப் பிடித்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஒரே நிபந்தனை: மொத்தப் பட்டியலையும் வேறு ஃபைலாக வெளியே எடுக்க முடிய வேண்டும். ஆப் கடையை மூடினால் நம் பட்டியலும் சேர்ந்து மூடக்கூடாது. எந்த முறையாக இருந்தாலும் இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். நிலத்தைத் தோண்டும்போது பழைய காசுப் புதையல் கிடைத்தால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 10 ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே அந்தச் சட்டம் பொருந்தும்.

எடையை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம். ராஜா யார் என்பதைப் பத்து வருடம் கழித்து ஒரு நிபுணரிடம் கேட்டுக்கொள்ளலாம். 'வந்த வழி' கட்டத்தை மட்டும் அப்படித் தள்ளிப்போட முடியாது. அந்த வெள்ளி ரூபாய் கல்யாணத்தில் மொய்யாக வந்ததா, தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்ததா என்பது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனால், டின்னை அவர் முன்னால் திறந்து வைத்துக் கேளுங்கள். முதலில் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.